நெனப்பு எங்க இருக்கு?

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிறையும்வரை என்ன செய்கிறோம்? ராமநாதபுரக் கரையோர ஊர்களில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நேரத்தில் பெரும்பாலும் போனைத் தடவுகிறோம். இல்லையென்றால் வரிசையில் நிற்பவரிடம் நேற்றைய சண்டையைப் பேசுகிறோம். ஒருநாள் இரண்டையும் விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். காலிக் குடத்தின் அடியில் தண்ணீர் விழும்போது சத்தம் தடித்து, கீழ்க்குரலில் இருக்கும். பாதியைத் தாண்டும்போது மெலிந்து மேலேறும். கழுத்தை நெருங்கியதும் விசில் மாதிரி விறுவிறுவென உயரும். தண்ணீருக்கு மேலே குடத்துக்குள் நிற்கும் காற்றின் நீளம் குறையக் குறையச் சுருதி ஏறுகிறது. புல்லாங்குழலில் துளைகளைத் திறக்கத் திறக்க ஒலி ஏறுவதும் இதே கணக்குதான்.

குழாயின் வேகத்தைப் பொறுத்து இது இரண்டு மூன்று நிமிட வேலை. அந்த நேரம் முழுக்கக் காது சத்தத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இருக்காது. நாலைந்து நொடியிலேயே நினைப்பு பள்ளிக்கூட பீஸுக்கோ, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரு சொல்லுக்கோ போய்விடும். போனது ஒரு கட்டத்தில் தெரியவரும். தெரிந்ததும் மறுபடி சத்தத்துக்கு வர வேண்டும். குடம் வழிந்து காலை நனைத்தால், நினைப்பு எவ்வளவு நேரம் வெளியே போயிருந்தது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். இத்தனை நேர்மையான வாத்தியார் எந்த ஆப்பிலும் இல்லை.

பால் பொங்கி வழிந்தாலும் குடம் வழிந்தாலும் நம் வீடுகளில் ஒரே அதட்டல்தான்: “நெனப்ப எங்க வச்சிருக்க?” மைண்ட்ஃபுல்னஸ் என்று இன்று பேசப்படும் பயிற்சி அந்தக் கேள்வியைத் தன்னிடமே, அதட்டாமல், பல தடவை கேட்பது. பாலி மொழியில் இதற்கு ‘சதி’ என்று பெயர். வடமொழி ‘ஸ்மிருதி’யின் உறவு, நேர்ப்பொருள் நினைவு. 1881இல் ரைஸ் டேவிட்ஸ் என்ற பாலி அறிஞர் அதற்கு ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டார். 1979இல் ஜான் கபாட்-சின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக இதைச் சில வாரப் பயிற்சியாக்கினார். இன்று மருத்துவமனைகளில் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். ‘முழு விழிப்புணர்வு’ போன்ற கனமான மொழிபெயர்ப்புகள் எனக்கு ஒட்டுவதில்லை. ‘நெனப்போட செய்யி’ என்பதே போதும்.

கடிகாரத்தோடு கட்டாதீர்கள்

எல்லாப் புத்தகங்களும் ‘தினமும் காலை ஒரே நேரத்தில் உட்காருங்கள்’ என்கின்றன. அலுவலகம் போகிறவர்களுக்குச் சரி. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் கடல் என்ற முறையில் ஓடும் வீட்டில் காலை ஆறு மணி என்பது நாளுக்கு ஒரு மாதிரி இருக்கும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் நீர் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புகிறார்கள். பனையேறிக்குக் காலையும் மாலையும் மரம், அதுவும் பருவத்தில் மட்டும். இவர்கள் கடிகாரத்தை நம்பித் தொடங்கினால் பத்தாம் நாள் விட்டுவிடுவார்கள். சோம்பல் என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். தப்பு அவர்களிடம் இல்லை, கட்டிய இடத்தில் இருக்கிறது.

வேலையோடு கட்டுங்கள், அல்லது ஊரே கேட்கும் சத்தத்தோடு. கீழக்கரையிலோ தொண்டியிலோ இருப்பவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை பாங்கு கேட்கும். தங்கச்சிமடத்தில் கோயில் மணி. பாம்பனில் இருந்தால் பாலத்தில் ரயில் போகும் சத்தம். 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்த பிறகு அது திரும்ப வந்திருக்கிறது. எந்த மதத்துக்காரரானாலும் சத்தம் பொது. அது கேட்டதும் கையில் இருப்பதை ஒரு கணம் நிறுத்தி, 3 மூச்சைக் கவனித்துவிட்டு வேலையைத் தொடரலாம். மூன்றே மூச்சுதான். முப்பது என்று வைத்தால் நாளைக்கே மறந்துபோகும்.

தொழுகை, ஜெபமாலை, பிரகாரம் சுற்றுவது எல்லாம் இதுதானே என்று கேட்பார்கள். கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் பழக்கம் இரண்டிலும் உண்டு, அதனால் பிரார்த்தனை செய்கிறவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஆனால் பிரார்த்தனையில் எதிரே ஒருவர் இருக்கிறார்; அவரிடம் பேசுகிறோம், கேட்கிறோம். இங்கே யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. இரண்டையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

உட்காரும்போது

நடமாட்டத்தில் செய்வது நிலைக்க வேண்டுமானால் கொஞ்சமாவது உட்கார்ந்து பழக வேண்டும். நீச்சலைக் கரைக்குப் பக்கத்தில் கற்றுக்கொண்டு பிறகு ஆழத்துக்குப் போவது மாதிரி.

ஓலைப்பாயில் வெறுமனே சம்மணமிட்டால் பலருக்கு இடுப்பு பின்பக்கம் சரிந்து முதுகு கூன் விழும், 5 நிமிடத்தில் தோள்பட்டை வலிக்கும். போர்வை ஒன்றை நாலு விரல் உயரத்துக்கு மடித்துப் பின்பக்கத்தின் கீழ் மட்டும் வையுங்கள். இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரத்தில் வந்துவிட்டால் முதுகு தானாக நிமிரும், பிடித்து வைக்க வேண்டியதில்லை. மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியில் உட்காரலாம். பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை பின்னோக்கிச் சரிந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு துண்டை மடித்து வைத்துச் சமப்படுத்திக்கொண்டு, சாயாமல், பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய உட்காருங்கள். கண்ணைப் பாதி மூடி, நாலைந்து அடி தள்ளித் தரையைப் பார்த்தால் போதும். மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதனால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். கிடுகுக் கொட்டகையின் நிழல் கிடைத்தால் அதைவிட நல்லது.

மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே கவனத்தை வையுங்கள். சிலருக்கு மூக்கு நுனி, சிலருக்கு வயிறு. பர்மாவின் மகாசி சயாதோ வழியில் வயிறு எழுவதையும் அமர்வதையும்தான் பிடிக்கச் சொல்வார்கள்; மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு அது வசதி. மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்த முறை இரண்டு என்று 10 வரை மனதுக்குள் எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை தப்பினாலும் ஒன்றுக்கு வாருங்கள். சில சமயம் 14, 15 என்று போய்க்கொண்டிருப்பீர்கள். நாக்கு எண்ணுகிறது, நினைப்பு ஊர் சுற்றுகிறது என்று பொருள். மூச்சை நீட்டவோ அடக்கவோ வேண்டாம். அது பிராணாயாமம், வேறு பாடம்.

முதல் வாரம் 5 நிமிடம். அடுத்த வாரம் 10. பிறகு 15, 20. கபாட்-சின்னின் பயிற்சியில் நாளுக்கு 45 நிமிடம் வரை உண்டு, ஆனால் அது வாரந்தோறும் வகுப்புக்குப் போய் ஆசிரியரிடம் பேசிக்கொண்டே செய்வது. வீட்டில் தனியாகத் தொடங்குபவர் 20ஐத் தாண்ட அவசரப்பட வேண்டாம். போனில் அலாரம் வைத்துவிட்டுத் திரையைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் எத்தனை நிமிடம் ஆச்சு என்பதே தியானமாகிவிடும்.

கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். பயமில்லை, ஆனால் உணர்வு திரும்பும்வரை எழுந்து நிற்காதீர்கள், விழுவீர்கள். அரிப்பு வந்தால் உடனே சொறியாமல் 3 மூச்சு அதைப் பாருங்கள். கூடுகிறதா, இடம் மாறுகிறதா என்று. பிறகும் இருந்தால், சொறிகிறேன் என்று தெரிந்தே சொறியலாம். கொசு கடித்தால் அடித்து விரட்டுங்கள். டெங்கு வரும் ஊரில் கொசுவிடம் பொறுமை காட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை.

தூக்கம் வருவது பெரிய தொல்லை. மத்தியானம் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் சாய்ந்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னாலோ, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ வைத்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு வந்தவருக்கு வரும் தூக்கத்தைத் தடங்கல் என்று சொல்லக்கூடாது. அவருக்கு வேண்டியது தூக்கம்தான். போய்ப் படுக்கட்டும்.

அலைச் சத்தத்தில் ஒரு கண்ணி

கடற்கரையில் இருப்பவர்களுக்குத் தியானம் சுலபம், அலைச் சத்தமே போதும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அலைச் சத்தம் நல்ல பிடிமானம்தான், ஆனால் இரண்டு இடங்களில் வழுக்கும். முதலாவது, கொஞ்ச நேரத்தில் மூச்சு அலையோடு சேர்ந்து போகப் பார்க்கும். அலை வரும்போது இழுத்து, திரும்பும்போது விடத் தொடங்குவீர்கள். சும்மா இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. அலைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, இடைவெளி நாளுக்கு நாள் மாறும். அதற்கு ஈடுகொடுக்க மூச்சை இழுத்துப் பிடித்தால் நெஞ்சு இறுகும், தலை கிறுகிறுக்கும். தியானம் ஒத்துவரவில்லை என்று எழுந்துபோவார்கள். அலையைக் கேட்பதென்றால் மூச்சை மறந்துவிட்டுக் கேளுங்கள். மூச்சைப் பார்ப்பதென்றால் அலை பின்னால் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இரண்டாவது, தாலாட்டு. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வது வழக்கம். பெண் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் அதன் சளசளப்பு ஒரே சீராக இருக்கும். சுகமாக இருக்கும், கண் சொருகும், அரைமணி போனதே தெரியாது. அந்த மயக்கத்தை ஆழ்ந்த தியானம் என்று நம்புகிறவர்கள் நிறைய. சோதித்துப் பார்க்க எளிய வழி: கடைசியாகக் கேட்ட மூன்று அலைகளில் எது பெரியது என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் தூங்கியிருக்கிறீர்கள். வாடை வீசும் மாதங்களில் இதே கடல் புரண்டு அடிக்கும்போது உட்கார்ந்து பாருங்கள், தூக்கம் பக்கத்தில் வராது.

நடக்கும்போதும் கவனிக்கலாம். தண்ணீர் ஓரம் மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரியும். ஒரே திசையில் நீள நடந்தால் ஒரு காலுக்கு மட்டும் பாரம் கூடி இடுப்பு வலிக்கும். 15 அடி போய்த் திரும்பி அதே 15 அடி வந்தால் இரண்டு காலுக்கும் சமன். குதிகால் பதிவது, மணல் அமுங்குவது, விரல் கிளப்புவது என மூன்றையும் ஒவ்வோர் அடியிலும் பிடிக்க வேண்டும், பிடிபடும் வேகத்தில்தான் நடக்கவும் வேண்டும். வெறுங்காலோடு என்றால் வெயில் ஏறுமுன். கருவேல முள், கண்ணாடிச் சில்லு, கரையில் ஒதுங்கிய சொறி (ஜெல்லி மீன்) ஆகியவற்றை முதலில் ஒரு நோட்டம் விட்டுக்கொள்ளுங்கள்.

சூடை மீனும் கருப்பட்டியும்

நெனப்போடு சாப்பிடப் பழக இந்தக் கரையில் சூடை மீனைவிட நல்ல வழி கிடையாது. முள் அவ்வளவு. போனைப் பார்த்துக்கொண்டு சூடை சாப்பிட முடியாது, தொண்டை அனுமதிக்காது. விரல் முள்ளைத் தேடும், நாக்கு மறுபடி தேடும். அந்தக் கவனத்தை முள்ளில்லாத சாப்பாட்டுக்கும் கொண்டுபோக முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கபாட்-சின் தன் வகுப்பில் முதலில் கொடுப்பது உலர்திராட்சை ஒன்று. இங்கே சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி இருக்கும்போது திராட்சை எதற்கு? புளியங்கொட்டை அளவு ஒரு சில்லு போதும். உள்ளங்கையில் வைத்து முதலில் நிறத்தைப் பாருங்கள். உடைந்த பக்கம் ஒரு நிறம், மேல்பக்கம் வேறு. விரலால் தேய்த்தால் பிசுபிசுப்பு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போதே வாயில் எச்சில் ஊறும், அதையும் கவனியுங்கள். நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருங்கள். பல் கடிக்கத் துடிக்கும். அந்தத் துடிப்பைப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பயிற்சியே. ஓரம் கரைந்து முனை மழுங்குவதும், இனிப்புக்கு அடியில் மெல்லிய கரிப்பும் புகைவாடையும் வருவதும் தெரியும். முழுதாகக் கரைந்த பிறகு அந்தச் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதோடு முடித்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வறுத்த நிலக்கடலை ஒன்றில் இதைச் செய்யலாம். பொரித்த நெத்திலியிலும் செய்யலாம், ஆனால் ஒன்றோடு நிறுத்துவது கடினம்.

வலை பொத்துவது, ஓலைப்பெட்டி முடைவது போன்ற கைவேலைகள் தயாராகக் கிடைக்கும் பயிற்சிகள். பழகிய கை தானாக ஓடும், நினைப்பு சும்மா இருக்கும், அதனால்தான் வெளியே போகும். முழு நேரமும் கவனிக்க முயலாதீர்கள், வேலையும் கெடும் தலையும் வலிக்கும். 20 முடிச்சுக்கு மட்டும் வலை ஊசி கண்ணிக்குள் நுழைவது, நூல் விரலில் இழுபடுவது, முடிச்சு இறுகும் அந்த ‘நறுக்’ ஆகியவற்றில் நில்லுங்கள். பிறகு பேசுங்கள், பாட்டுக் கேளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 20.

செய்யக்கூடாத இடங்கள்

இதைப் பலர் சொல்வதில்லை. ஆபத்தான வேலையில் மூச்சைக் கவனிக்கக்கூடாது. விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் ஓடும்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டும்போது, கெளுத்தி மீனின் முள்ளை ஒடிக்கும்போது, பனையில் இருக்கும்போது எல்லாக் கவனமும் வெளியே, கை கால் கண்ணில்தான் இருக்க வேண்டும். அதுவும் நெனப்போடு இருப்பதுதான். நினைப்பை உள்ளே இழுத்தால்தான் ஆபத்து.

பாசி எடுக்க முங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்க மூச்சை அடக்கி முங்கும் பெண்களில் யோகா வகுப்புக்குப் போய் வேகமூச்சுப் பயிற்சி கற்றவர்களும் இருக்கலாம். முங்குவதற்கு முன் அதைச் செய்யவே கூடாது. ‘மூச்சு விடு’ என்று உடம்பை முட்டித் தள்ளுவது பெரும்பாலும் இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு விட்டால் அந்த வாயு குறைந்துவிடும். தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கும், ஆனால் மூச்சுமுட்டல் தாமதமாகத்தான் வரும். அதற்குள் நினைவு தப்பினால் ஆள் அப்படியே அமிழ்ந்துபோவார். தண்ணீருக்குள் மூச்சுமுட்டல் என்பது காவல். அதை ஏமாற்றக்கூடாது.

கடனும் கவலையும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு வீடுகளில் நேரம் நிறைய இருக்கும், காசு இருக்காது. அப்போது உட்கார்ந்தால் மூச்சுக்குப் பதில் கடன்தான் வரும். விரட்டினால் இரண்டு மடங்காகத் திரும்பும். ‘கணக்கு’ என்று மனதுக்குள் மெதுவாக ஒரு பெயர் வையுங்கள். அது உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்; பெரும்பாலும் தொண்டையிலோ மேல்வயிற்றிலோ ஓர் இறுக்கமாக இருக்கும். ஐந்தாறு மூச்சு அங்கேயே இருந்துவிட்டுப் பழைய இடத்துக்கு வாருங்கள். திரும்பத் திரும்ப வரும் கணக்கை, பயிற்சி முடிந்ததும் தாளில் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். எழுதியது செய்ய வேண்டிய வேலை, எழுத முடியாதது வெறும் அசைபோடல். தியானம் கடனை அடைக்காது. எது வேலை, எது அசைபோடல் என்று பிரித்துக் காட்டும், அதுவே அந்த இரண்டு மாதத்தில் பெரிய உதவி.

பலனைப் பற்றி அளவோடு பேசுவதே நல்லது. 2014இல் 47 ஆய்வுகளை, 3515 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு மருத்துவ ஆய்வு பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் ஓரளவு குறைவு இருப்பதைக் கண்டது. மருந்தையோ உடற்பயிற்சியையோவிடத் தியானம் மேலானது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. இந்த இரண்டாவது பாதியை மேடையில் யாரும் சொல்வதில்லை.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டில் கண்ணை மூடி அலையைக் கேட்கச் சொல்வது கொடுமை. அவர்கள் கண்ணைத் திறந்தே, பாதம் தரையில் அழுந்துவதையும் எதிரே தெரியும் ஐந்து பொருள்களையும் மட்டும் கவனிக்கட்டும். படபடப்பு கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடலாம். யாரும் இல்லாமலே குரல் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாமல் துள்ளலாக இருப்பது, சாகலாம் என்று தோன்றுவது ஆகியவை இருந்தால் தியானம் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியில்லாமல் கருகி, 28 பேர் இறந்தார்கள். இந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்கக்கூடாத கணக்கு அது. தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதாவிடமோ போவது அவரவர் நம்பிக்கை. மாத்திரையும் கூடவே போகட்டும். தியானத்தில் தெளிவு வந்துவிட்டது என்று மனநல மாத்திரையைத் தாமாக நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. நன்றாக இருப்பது அந்த மாத்திரையால்தான் என்பது சில வாரம் கழித்து, நோய் திரும்பும்போது தெரியும். குறைக்கலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரியில் யாரும் கிடைக்காவிட்டால் 14416க்குப் போன் போடலாம். மனநலத்துக்கான அரசு எண் அது, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.